அரைக் கிலோ

அனு,

சமையக்கட்டைப் பூட்டி, சாவியைப் பாண்டி பஜார் கடைக்கே எடுத்துட்டுப் போறேன். பாக்ஸிங் போட்டிக்கு ரெண்டு நாள்தான் இருக்கு, உன் எடைப் பிரிவுக்கு நீ இன்னும் அரைக் கிலோ குறையணும். தண்ணி குடிக்காதே. புளிப்பு மிட்டாயை வாயில போட்டு, ஊறுற எச்சிலை டம்ளர்ல துப்பிக்கிட்டே இரு. சாயங்காலம் வந்து டம்ளரைப் பார்ப்பேன்.

நேத்து நீ மயங்கி விழுந்தது நடிப்புன்னு ஊர்ல இருக்கிற உங்கம்மாகிட்ட சொல்லிட்டேன்.

பதினோரு மணிக்கு பாக்ஸிங் சங்கத்துல இருந்து ஒரு மேடம் வருவாங்க. விளையாடுற பிள்ளைகளை யாராவது கொடுமைப்படுத்துறாங்களான்னு வீடு வீடா விசாரிக்கிறாங்களாம். பெல்ட் தடம் தெரியாம முழுக்கைச் சட்டை போட்டுக்கோ. சிரிச்சுப் பேசு.

அப்பா

மறந்துட்டேன். அவங்க அனுப்பின ஃபாரத்தை நானே நிரப்பி செருப்பு ஸ்டாண்டு மேல வச்சிருக்கேன், நீ கையெழுத்து மட்டும் போட்டுக் குடு. யாராவது தொல்லை பண்ணினா யார்கிட்ட சொல்லுவேன்னு அதுல கேட்டிருந்தாங்க. என் நம்பரைப் போட்டிருக்கேன்.