தலைவர் யார்?

ஏப்ரல் 28

பள்ளிக் கடைசி வருடம் முடித்துக் கொண்டாடுபவர்களை இங்கே 'ருஸ்' என்பார்கள். இந்த வருடம் எங்கள் தீவில் ருஸ்கள் இரண்டே பேர்: நானும் அஸ்லாக்கும். பதின்மூன்று வருடமாகப் பக்கத்துப் பக்கத்து மேசை. இன்று ருஸ் தலைவர் தேர்தல். தலைவர்தான் மே பதினேழு, தேசிய நாளில், ஊருக்கு முன்னால் பேச வேண்டும். எனக்கு ஒரு ஓட்டு, அவனுக்கு ஒரு ஓட்டு. மறு எண்ணிக்கை கேட்டான். எண்ணினோம். அதே முடிவு.

"விட்டுக்குடு தூவா. உன் பேச்சக் கேட்டா ஊரே தூங்கிடும்."

"நீ பேசினா ஊரே படகேறிடும்டா."

அதோடு பேச்சு நின்றது.

மே 1

ருஸ் உடை போட்டாயிற்று: சிவப்புக் கால்சட்டை, குஞ்சம் வைத்த தொப்பி. அவனும் போட்டிருக்கிறான். மே பதினேழு முடியும்வரை கால்சட்டையைத் துவைக்கக் கூடாது, அதுதான் வழக்கம். படகுத்துறையில் ஆளுக்கொரு மூலையில் நின்றோம். கொண்டாட்டமாம்!

மே 4

ருஸ் செய்யும் ஒவ்வொரு சேட்டைக்கும் தொப்பிக் குஞ்சத்தில் ஒரு முடிச்சு. அதை இன்னொரு ருஸ் கண்ணால் பார்த்து, தன் கையால் போட வேண்டும். இந்தத் தீவில் இன்னொரு ருஸ் யார்?

மளிகைக் கடையில் நாலு காலில் தவழ்ந்து குரைத்தேன், ரொட்டி அடுக்கிலிருந்து மீன் பெட்டி வரை. அஸ்லாக் ஐந்தடி தள்ளி நின்று பாலாடைக்கட்டி லேபிளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தான்.

"நான் ஒண்ணும் பாக்கலையே."

கடைக்கார அம்மா தண்ணீர் கொண்டுவந்தார். "உடம்பு சரியில்லையா, தூவா?"

மே 9

தீவில் ஏறத் தகுந்த மரம் ஒன்றே ஒன்று, பாதிரியார் தோட்டத்தில். காலையில் பள்ளிக்குப் போகும்போது பார்த்தால், அதன் மேல் அஸ்லாக். ராத்திரி முழுக்க அங்கேயே இருந்தானாம், முடிச்சுக்காக. உதடெல்லாம் நீலம்.

"தூவா! பாத்துட்டல்ல? பாத்துட்டேன்னு சொல்லு!"

"இந்த வருஷம் கடல்காக்கா சத்தம் ஜாஸ்திதான்" என்று வானத்திடம் சொல்லிவிட்டு நடந்தேன். நாள் முழுக்க ஒரே குஷி.

மே 10

விழுந்துவிட்டானாம். என் முதுகைப் பார்த்துக் கையாட்டியபோது. கணுக்கால் முறிவு.

பாத்தேன்னு சொன்னா என்ன, வாயில இருக்கிற முத்து உதிர்ந்திடுமா? என்ன ஜென்மம் நான்?

மே 12

தலைமையாசிரியர் சொல்லிவிட்டார்: "அப்போ நீதான் பேசுற. தீந்தது பிரச்சினை."

ஜெயித்துவிட்டேன். சாப்பிடப் பிடிக்கவில்லை.

மே 16

அவன் வீட்டுக்குப் போனேன். சோபாவில் கட்டுப் போட்ட காலோடு கிடந்தான்.

"எதுக்கு வந்த?"

"நாளைக்கு உன் பேச்ச நான் படிக்கிறேன். குடு."

முறைத்தான். "ஒரு எழுத்து மாத்தக் கூடாது. முன்னாடியே பாக்கவும் கூடாது."

"சரிடா."

உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டுத் தந்தான். என் மேல் அவ்வளவு நம்பிக்கை! கிளம்பும்போது என் தொப்பியைப் பிடுங்கி, குஞ்சத்தில் ஒரு முடிச்சுப் போட்டான்.

"அன்னிக்குக் கடையில... கொஞ்சம் பாத்தேன்."

நானும் அவன் தொப்பியை எடுத்து ஒன்று போட்டேன்.

மே 17

அப்பாவின் தள்ளுவண்டியில் அவனை உட்கார வைத்து ஊர்வலம் முழுக்கத் தள்ளினேன். என்ன கனம்! பேச்சு நேரம் வந்தது. உறையைக் கிழித்தேன்.

"தலைவர் என்ற முறையில்" என்று தொடங்கியதுமே சிரிப்பு. "எங்கள் வகுப்பில் நான் முதல் மாணவன். தூவா கடைசி. நடுவில் யாரும் இல்லை."

பாதிரியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன். ஒரு எழுத்து மாற்றவில்லை.

கடைசிப் பத்தி: "நான் படிக்கப் போகும் ஊரில் ஒரு வகுப்புக்கு முப்பது பேராம். பக்கத்து மேசையில் யாராவது இருப்பார்கள். அது தூவா இல்லை என்பதை நினைத்தாலே பயமாக இருக்கிறது. தனியாகச் சொன்னால் சிரிப்பாள். அதனால்தான் எனக்கு மைக் வேண்டியிருந்தது."

அதற்கு மேல் குரல் வரவில்லை. காற்று என்று சொல்லிச் சமாளித்தேன். காற்றே இல்லை.

"சத்தமாப் படி, ஒண்ணும் கேக்கல!" என்று கத்தினான், வண்டியில் உட்கார்ந்துகொண்டு.

மே 18

பதினேழு நாள் துவைக்காத கால்சட்டை ஒருவழியாக வாஷிங் மெஷினில் சுற்றுகிறது. அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"ஏன்டி, ரெண்டு கிடக்கு? இன்னொண்ணு யாரோடது?"

"தலைவரோடது" என்றேன்.