வீட்டுக்காரரை வரச் சொல்லுங்க

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம்தான். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அத்தை மாத்திரையை மறக்காமல் சாப்பிடுகிறார்களா?

நீங்கள் அனுப்பிய கீபோர்டு பத்திரமாக வந்தது. வாசிக்க அது இல்லாமல் மாலைகள் நகரவே இல்லை. இந்த நாட்டில் மின்சாரம் நூற்றுப்பத்து வோல்ட். பிளக் துளையும் வேறு. துளைக்குப் பொருந்தும் பிளக் வாங்க, இங்குள்ள நம்ம ஊர்க்காரர் கடைக்குப் போனேன்.

"இருநூத்து முப்பதுல ஓடுற சாமான் இங்க ஓடாதும்மா. பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வாங்கணும்" என்றார் கடைக்காரர். கையோடு கொண்டுபோன கீபோர்டு அடாப்டரில் நூறு முதல் இருநூற்று நாற்பது வரை என்று அச்சடித்திருந்ததைக் காட்டினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உங்களுக்குச் சொன்னா புரியாது. வீட்டுக்காரரை வரச் சொல்லுங்க, அவர்கிட்ட பேசிக்கறேன்."

இயற்பியல் பாடம் நடத்தியே தலை நரைத்தவளிடம் இப்படி ஒரு பேச்சு! ஃபியூஸ் போனால் என்னைக் கூப்பிட்டுவிட்டு டார்ச் பிடிக்கிற உங்களிடம் பேசுவாராம்!

"அவர் வந்தாலும் என்னைத்தான் கேப்பார். பிளக்கைக் குடுங்க" என்றேன்.

அறைக்கு வந்து செருகியதும் கீபோர்டு ஒழுங்காக ஒலித்தது. கோபம் தீரும்வரை வாசித்தேன்.

ஸ்டாண்டின் திருகுகள் பெட்டியில் இல்லை. மேஜை இழுப்பறையில் தேடி அனுப்புங்கள். வகுப்பு எடுக்க நேரமாகிவிட்டது. ஹெட்போன் அனுப்பவா என்று கேட்டீர்களே, வேண்டாம். சத்தத்தைக் குறை என்று சொல்ல இங்கே யாரும் இல்லை.

என்றும் உங்கள்,
நான்