கெட்டிமேளம் இரண்டு முறை கேட்ட கல்யாணம்

இன்று காலை கடையில் நம் பழைய லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டு அடிமூடியைக் கழற்றினேன். விசிறியின் இறக்கைகளுக்கு நடுவே தூசி கம்பளி போலப் படிந்திருந்தது. பிரஷ்ஷால் தட்டியபோது தூசியோடு ஒரு அரிசியும் விழுந்தது. மஞ்சள் இன்னும் முழுதாகப் போகாத அட்சதை அரிசி. எடுத்து முகர்ந்து பார்த்தேன். மஞ்சள் வாசம் இல்லை, சூடேறிய பிளாஸ்டிக்கின் வாசம்தான் வந்தது. இது எந்தக் கல்யாணத்து அரிசி, எந்த வழியாக உள்ளே போயிருக்கும் என்று யோசித்துக்கொண்டே நின்றேன். நீ இருந்திருந்தால் அதைக் குப்பையில் போட விட்டிருக்கமாட்டாய். "கீபோர்டு சந்துல பூந்துச்சா, காத்து போற வழியில பூந்துச்சா?" என்று கேட்டு அதிலேயே உட்கார்ந்திருப்பாய்.

கல்லூரியில் இயற்பியல் வகுப்பிலும் நீ அப்படித்தான் இருந்தாய். ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் பரீட்சைக்குப் படித்தேன். நீ ஏதாவது ஒரு பக்கத்தில் நின்றுவிடுவாய். அந்தப் பக்கத்தில் எழுதியிருப்பது உண்மைதானா என்று உனக்குத் தெரிந்தாக வேண்டும். அதனால் மதிப்பெண் எனக்குத்தான் அதிகம் வந்தது. அதைப் பற்றி நீ கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.

பிறகு நீ பள்ளிக்கூட வேலைக்குப் போனாய், நான் ஒரு ஸ்டுடியோவில் கேமரா பிடித்தேன். இரண்டு பேருக்கும் அந்த வேலைகள் அலுத்துப்போன பிறகு முதலியார்பேட்டையில் ஒரு மருந்துக்கடை மாடியில் அறை பிடித்தோம். இந்த ஊரில் பாதிக் குடும்பங்களுக்குப் பிரான்ஸில் ஆட்கள் இருக்கிறார்கள். வர முடியாதவர்கள் அங்கே உட்கார்ந்து இங்கே நடக்கும் கல்யாணத்தைப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் நம் கடை. நான் கேமராவோடு மேடையில் நிற்பேன். படம் ஒயர் வழியாக உன் லேப்டாப்புக்கு வரும். நீ அதைச் சுருக்கி இணையத்தில் அனுப்புவாய்.

அரியாங்குப்பத்தில் நடந்த அந்தக் கல்யாணத்தை மறக்க முடியுமா? காப்புக் கட்டியதிலிருந்து எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. கெட்டிமேளம் கொட்டிய நேரத்தில் படம் நின்றது. மாப்பிள்ளையின் கை தாலியோடு அந்தரத்தில் நின்றது. மறுபடி படம் நகர்ந்தபோது பெண்ணின் கழுத்தில் தாலி ஏறியிருந்தது, எல்லோரும் கையைத் தட்டி முடித்திருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து ஒருவர் மாற்றி ஒருவர் போன் செய்தார்கள். நான் நெட் கொடுத்தவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். நீ திரையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

"நெட்டு நல்லாதான்டி இருக்கு. லேப்டாப்புதான் நின்னுச்சு. தொட்டுப் பாரு."

தொட்டேன். தோசைக்கல் மாதிரி கொதித்தது.

அடுத்த வாரமே இன்னொரு குடும்பம் வந்தது. பெண்ணும் அம்மாவும் இங்கே இருக்கிறார்கள், அப்பா பாரிஸுக்குப் பக்கத்தில் வேலை. இதய ஆபரேஷன் முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தது. விமானத்தில் ஏறக் கூடாது என்று அங்குள்ள டாக்டர் சொல்லிவிட்டார். கல்யாணத்தைத் தள்ளிப் போடவும் அப்பா சம்மதிக்கவில்லை. அவருடைய அண்ணன் மணையில் உட்கார்ந்து தாரை வார்ப்பதாக ஏற்பாடு. நம்மிடம் அவரே வீடியோவில் பேசினார்.

"மத்ததெல்லாம் நான் அப்புறம் பார்த்துக்குவேன்மா. தாலி கட்டுறத மட்டும் அந்த நேரத்துலயே பார்க்கணும். நிக்காம வருமா?"

"வரும் சார்" என்றேன் நான்.

போனை வைத்ததும் நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். "ஏன்டி வரும்னு சொன்ன? ஏன் நின்னுச்சுன்னே நமக்கு இன்னும் தெரியலையே."

அது பெரிய முகூர்த்த நாள். தெரிந்த கடைகளிலெல்லாம் வேறு லேப்டாப் கேட்டுப் பார்த்தேன். எல்லோருக்கும் அன்றைக்கு வேலை இருந்தது, ஒருவரும் தரவில்லை. நான் இன்னும் யாரைக் கேட்கலாம் என்று போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன். உனக்கோ உள்ளுக்குள் சந்தோஷம். கண்டுபிடிக்க ஒரு விஷயம் கிடைத்துவிட்டதே!

முதலில் தூசியைத் துடைத்தாய். ப்ராசசருக்கு மேலே தடவியிருந்த பசை காய்ந்து சுண்ணாம்பாகப் போயிருந்தது. அதைச் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவினாய். மண்டபத்தில் ஓடுவது போலவே கேமராவை மாட்டி, படத்தை ஓடவிட்டு, பக்கத்தில் வெப்பத்தையும் வேகத்தையும் கோடாகக் காட்டும் ஒரு மென்பொருளையும் திறந்து வைத்தாய். கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். ஜன்னலை மூடி மின்விசிறியை நிறுத்தி, அறையை மண்டபம் போலப் புழுங்க வைத்ததும் பழைய கதை திரும்பியது.

"இங்க வந்து பாருடி" என்று கூப்பிட்டாய். திரையில் வேகக் கோடு ரம்பத்தின் பல் மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. "இது சும்மா வேலை செய்யல. எடுத்ததும் ஒரே ஓட்டமா ஓடுது. கொதிச்சிடுது. உடனே தன்னைக் காப்பாத்திக்க வேகத்தை அதலபாதாளத்துக்குக் குறைச்சிக்கிது. ஆறுது. மறுபடியும் ஓடுது. அது குறைச்சிக்கிற நேரத்துலதான் படம் நிக்கிது."

"அப்ப அடியில ஒரு ஃபேன் வைப்போம்."

"வைக்கலாம். ஆனா அவ்வளவு சூடு ஏன் வருதுன்னு பார்க்க வேணாமா?"

அந்த "ஏன்" பிடித்துக்கொண்டால் உன்னை விலக்க முடியாது. இரண்டு நாள் படித்துவிட்டு, கண் பளபளக்க என்னிடம் வந்தாய். ப்ராசசருக்குப் போகும் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், அதற்கென்று மென்பொருள் இருக்கிறது என்றாய். நான் பதறினேன். ஊரில் வோல்டேஜ் குறைந்தால் ஃபிரிட்ஜ் மோட்டார் போகிறதே, இது மட்டும் எப்படிப் பிழைக்கும்? வேகம் இன்னும் குறையாதா?

"அதான்டி எனக்கும் புரியல முதல்ல. மோட்டார் வேற, இது வேற. இதுக்குக் கம்மியா குடுத்தாலும் அதே வேலையத்தான் செய்யும். சூடு மட்டும் குறையும். சூடு குறைஞ்சா தன்னை அடக்கிக்க வேண்டிய அவசியம் இல்ல. அதனால மொத்தத்துல வேகம் கூடும். கம்மியா குடுத்தா அதிகமா ஓடுது, பாரேன்!"

"அப்ப கம்பெனிக்காரன் ஏன் அதிகமா குடுத்தான்?"

நான் கேட்ட அந்தக் கேள்வியில் நீ சந்தோஷப்பட்டதை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். எனக்குப் பரிசு கிடைத்தது மாதிரி கையைப் பிடித்தாய். ஒரே அச்சில் வார்த்தாலும் ஒரு ப்ராசசர் இன்னொன்றைப் போல இருக்காதாம். சிலதற்குக் குறைந்த மின்னழுத்தம் போதும், சிலதற்குப் போதாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்து வைக்க முடியாததால், எதுவும் நின்றுவிடக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் கொஞ்சம் தாராளமாகவே வைத்து அனுப்புகிறார்கள். "நம்மளுது எவ்ளோ தாங்கும்னு யாருக்கும் தெரியாது. நாமதான் கேட்டுப் பார்க்கணும்" என்றாய்.

கேட்டுப் பார்த்தோம். சில மில்லிவோல்ட் குறைப்பது, முழு வேலை கொடுத்து ஓட்டுவது, நின்று பார்ப்பது. மறுபடி குறைப்பது. வெப்பக் கோடு படி இறங்குவதுபோல இறங்கியது. எனக்கே ஆசை வந்துவிட்டது. "இன்னும் கொஞ்சம்டி" என்று நான்தான் சொன்னேன். குறைத்ததும் திரை முழுக்க நீலமாகி, லேப்டாப் செத்ததுபோல் அணைந்தது.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். நீ சிரித்தாய். "எரியலடி. பட்டினி தாங்கல, மயங்கிடுச்சு. ஆன் பண்ணா எழுந்துக்கும்." எழுந்தது. மயங்கிய அளவிலிருந்து நன்றாகவே மேலே ஏற்றி, அங்கே நிறுத்தினாய். பிறகு இன்னொன்றும் செய்தாய். எடுத்த எடுப்பில் அது ஓடும் ஓட்டத்துக்கு எத்தனை வாட் மின்சாரம் வரை இழுக்கலாம் என்று ஒரு வரம்பு இருக்கிறது. அதையும் இறக்கினாய். ரம்பப் பல் மறைந்து, கோடு ஏறத்தாழ நேராக ஓடியது. உன் வீட்டுக்காரர் உன்னை அழைத்துப்போக அப்போதுதான் வந்தார். தட்டாஞ்சாவடியில் பேக்டரி வேலை முடிந்த களைப்போடு நின்றவரிடம் அந்தக் கோட்டைக் காட்டினாய். அவர் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு. பஸ்ஸ விட்டுடப் போறோம்" என்றார்.

கல்யாணத்தன்று வெயில் கொளுத்தியது. ஓமப் புகை போவதற்காக மண்டபத்தில் ஏ.சி.யை நிறுத்திக் கதவுகளைத் திறந்துவிட்டார்கள். போதாததற்கு நம் மேசையை மேடைக்கு ஒட்டினாற்போல் போட்டிருந்தார்கள். நாம் சோதித்துப் பார்த்த எந்தச் சூடும் அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் வராது. மாங்கல்யத்தைத் தட்டில் வைத்து எல்லோரிடமும் ஆசீர்வாதம் வாங்கச் சுற்றிக் கொண்டு போனார்கள். நீ கையைக் காட்டி என்னை அழைத்தாய். நேராக இருந்த வெப்பக் கோடு மேலே தவழத் தொடங்கியிருந்தது.

"வரம்ப இன்னும் இறக்கணும். இறக்குனா படத்தோட தெளிவையும் குறைச்சாகணும். கொஞ்சம் மங்கலா வரும்."

"மங்கலாவா? அவங்க அப்பா பார்க்கறாருடி!"

"அதனாலதான் சொல்றேன். அவரு தெளிவா வேணும்னா கேட்டாரு? நிக்காம வேணும்னுதான கேட்டாரு."

வாதாட நேரமில்லை. தலையை ஆட்டிவிட்டு மேடைக்கு ஓடினேன். கெட்டிமேளம் கொட்டியது. கேமராவின் கண்ணில் என் கண்ணை வைத்திருந்தேனே தவிர, மனசெல்லாம் உன் மேசையில் இருந்தது. தாலி ஏறியது. அரிசி பறந்தது. திரும்பிப் பார்த்தேன். நீ கட்டைவிரலை உயர்த்தவில்லை, சிரிக்கவில்லை. லேப்டாப்பின் மேல் அரிசி விழாமல் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

கொஞ்ச நேரத்தில் பெண்ணின் பெரியப்பா தன் போனை நம்மிடம் கொண்டு வந்தார். அந்த அப்பா பிரெஞ்சில் நன்றி சொன்னார்.

"மெர்சி மா. மூணு முடிச்சையும் பார்த்துட்டேன்."

நான் அழுதுவிட்டேன். நீ போனை வாங்கி, "சார், அங்க எவ்ளோ லேட்டா வந்துச்சு?" என்று கேட்டாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அண்ணனோடு போனில் பேசிக்கொண்டேதான் படத்தையும் பார்த்திருக்கிறார்.

"போன்ல கெட்டிமேளம் கேட்டுச்சும்மா. டிவியில பார்த்தா மாப்ள இன்னும் தாலிய கையிலயே எடுக்கல. ஐயோ போச்சேன்னு நெனச்சேன். அப்புறம் டிவியிலயும் மேளம் கொட்டுச்சு, கட்டுனாரு. எம் பொண்ணுக்கு ரெண்டு தடவ கல்யாணம் ஆன மாதிரி இருந்துச்சு."

அதன் பிறகு வந்த எந்தக் கல்யாணத்திலும் நம் படம் நிற்கவில்லை. நின்றது உன் உடம்புதான். ரத்தத்தில் கோளாறு என்றார்கள். ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தபோது நீ டாக்டரிடம் கேட்டாய், எனக்கு ஏன் இது வந்தது என்று. தெரியவில்லை என்றார் அவர். அவர் போனதும் என்னிடம், "தெரியலன்னு நேரா சொன்னாரு பாரு, இவர எனக்குப் புடிச்சிருக்கு" என்றாய். குரலில் கசப்பே இல்லை. ரத்தத்தின் அணுக்கள் எலும்புக்குள்தான் பிறக்கின்றன என்று எனக்கு விளக்கினாய். எனக்குத்தான் எதுவும் காதில் ஏறவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் நீ போய்விட்டாய்.

உன் வீட்டுக்காரர் அதற்குப் பிறகு அதிகம் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அரியாங்குப்பத்தில் உன் வீட்டுக்குப் போவேன். காப்பி போட்டுக் கொடுப்பார், நான் குடிப்பேன். "வேலையெல்லாம் எப்படிம்மா போவுது?" "போவுதுண்ணா." அதோடு சரி.

போன மாதம் லேப்டாப்பில் ஒரு அப்டேட் தானாக ஏறியது. ஏறி முடிந்ததும் பார்த்தால் நீ செய்த மின்னழுத்தக் குறைப்பு அழிந்து பழைய அளவே திரும்பியிருந்தது. மாற்றப் போனால் மாற்ற விடவில்லை. கம்பெனிக்காரர்கள் பூட்டிவிட்டார்கள். வாட் வரம்பை மட்டும் இன்னும் இறக்க முடிகிறது, அதை வைத்துச் சமாளிக்கிறேன். முன்பானால் அதோடு விட்டிருப்பேன். இப்போது விட முடியவில்லை. ஏன் பூட்டினார்கள்?

தேடித் தேடிப் படித்தேன். மின்னழுத்தத்தைச் சரியான அளவுக்குக் குறைத்தால் ப்ராசசர் மயங்காமலே கணக்கைத் தப்பாகப் போடுமாம். அந்தத் தப்பை வைத்து, உள்ளே பூட்டி வைத்திருக்கும் ரகசியத்தை ஒருவன் திருடிவிட முடியும் என்று யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள். அதனால்தான் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். படித்ததும் என்னால் உட்கார முடியவில்லை. சொல்ல வேண்டுமே, உன்னிடம்!

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில், காப்பி ஆறுவதைக்கூடப் பார்க்காமல் அவரிடம் முழுவதையும் கொட்டினேன். டம்ளரைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டாரா என்றே தெரியவில்லை. நான் கிளம்பிச் செருப்பு மாட்டும்போது வாசல் வரை வந்தார்.

"ஏம்மா, கணக்கு தப்பா போச்சுன்னா தப்பாதான போவும்? அத வச்சி ரகசியத்த எப்படி எடுப்பான்?"

வேலை எப்படிப் போகிறது என்பதைத் தவிர, நீ போன பிறகு அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"தெரியலண்ணா" என்று நேராகச் சொன்னேன். "படிச்சிட்டு வந்து சொல்றேன்."

கடினமாகத்தான் இருக்கிறது. கணிதப் புத்தகம் ஒன்றையும் திறந்து வைத்திருக்கிறேன். உன்னைப் போலவே ஒரு பக்கத்தில் நின்றுவிட்டேன்.