வடக்குச் சுவரில் நீலப்பூ

செவ்வாய்த் தளம், தோட்டக்கூடம்.
பதிவு: எஸ்தர் ரஞ்சிதம், தாவரப் பிரிவு.

நாள் 211, காலை 07:10
விஷ்ணுகிராந்தி, முப்பத்தாறு தொட்டி. பல்லாண்டுச் செடி, முழு வெயில் கேட்கும். மணல் கலந்த மண், இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர். இன்று பதினொரு நீலப்பூ. கூரைக் கண்ணாடியில் வெயில் பட்டதும் விரிந்தன, உச்சிப்பொழுதில் மூடிக்கொள்ளும். எல்லாம் சரி.

நாள் 213, காலை 09:00
புழுதிப்புயல். கூரை கருத்துவிட்டது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க விளக்குகளையும் அணைத்தாயிற்று. ஆன்டெனா பழுது: செய்தி வருகிறது, இங்கிருந்து போகவில்லை. செடிகள் பிழைக்காது.

நாள் 219, காலை 08:20
பிழைத்துவிட்டன! நாற்பதுக்கு மேல் பூ. எல்லாத் தண்டும் வடக்குச் சுவர்ப் பக்கம் சாய்ந்திருக்கின்றன. அழுதுவிட்டேன். ஸ்டூலை அங்கேயே போட்டுச் சாப்பிடுகிறேன். தளத்தில் என்னைத் தவிர இருப்பது சதக் ஒருவன்தான். அணு உலை இன்ஜினியர், கீழக்கரைக்காரன். இன்டர்காமில் கேட்டான்: "வெயிலே இல்லாம எப்படிக்கா பூக்கும்?" சிரித்தேன்.

நாள் 221, பகல் 11:05
விடிந்ததிலிருந்து வாந்தி. சதக்கின் கேள்வி மனசை விட்டுப் போகவில்லை. டார்ச்சை அணைத்துப் பார்த்தேன். வடக்குச் சுவரின் சிறிய ஜன்னலில் நீல வெளிச்சம். அந்தப் பக்கம் இருப்பது உலையின் நீர்த்தொட்டி; கதிர்வீச்சில் அந்தத் தண்ணீர் நீலமாக ஒளிரும். ஜன்னலை ஈய மூடி மறைத்திருக்க வேண்டும். கதிர்வீச்சு மானி 'இயல்பு' என்கிறது. எட்டு நாளாக அதே எண். ஒரு புள்ளிகூட மாறவில்லை.

பகல் 11:50
சதக், உலை அறையிலிருந்து: "மூடி பாதியில சிக்கி நிக்குது. கையால இறக்கப் போறேன். நீங்க அந்தச் சுவரை விட்டுத் தள்ளிப் போங்க."
வேண்டாம் என்றேன்.
"மூணு நாளா அங்கேயே உக்காந்து சாப்பிட்டது யாரு? பேசாம போங்கக்கா."

பகல் 12:30
"அசையலக்கா. வாயில இரும்பு ருசி அடிக்குது."

நாள் 223, மாலை 16:40
சதக் போய்விட்டான். கடைசிவரை மகள் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தான். ஜுலைஹா. யாராவது அவளிடம் சொல்லுங்கள், அவள் வாப்பா ஓடிப்போகவில்லை என்று.

நாள் 226
சரக்குக் கப்பலிலிருந்து: "ஆறு பேர் வருகிறோம். உங்களிடமிருந்து கடைசியாகக் கிடைத்த அளவுகள் இயல்பு. தோட்டக்கூட வாசலில் இணைகிறோம்."
கத்தினேன். அவர்களுக்குக் கேட்காது என்று தெரிந்தும் கத்தினேன்.

நாள் 228?
முடி கொத்துக்கொத்தாய் வருகிறது. வாசலை உள்ளிருந்து பூட்டப் பார்த்தேன். சக்கரத்தைத் திருகக் கையில் வலு இல்லை.
செடிகள் நன்றாக இருக்கின்றன. எண்ணவில்லை. நூறு இருக்கும்.

நாள்
இதைப் படிக்கிறீர்கள் என்றால் உள்ளே வந்துவிட்டீர்கள். பூ அழகாகத்தான் இருக்கும். கிட்டே போக வேண்டாம். என்னைத் தூக்க வேண்டாம். மானியைப் பார்க்க வேண்டாம் அது பொய் சொல்லும் ஓடுங்