வார்னிஷுக்கு மேலே

மார்ச் 4, செவ்வாய்

கண் ஆஸ்பத்திரிக்கான படம் ஒருவழியாக முடிந்தது. எட்டடி அகலத்தில் ஒரு ஏரி. அடிப்பூச்சும் தண்ணீரும் நான். கரையும் நாரைகளும் குட்டி. குட்டி என்றால் என் தங்கை. நாற்பத்தொரு வயதிலும் வீட்டில் அவள் குட்டிதான்.

தண்ணீருக்கு மட்டும் பதினான்கு பூச்சு. ஒவ்வொன்றிலும் அக்ரிலிக் நிறம் ஒரு துளி, மீதி எல்லாம் நிறத்தை மெலிதாக்கும் மீடியம். பூசும்போது பால் மாதிரி இருக்கும், காய்ந்தால் தெளிந்துவிடும். குட்டிக்கு அந்தப் பொறுமை கிடையாது. "இதையெல்லாம் யாரு கவனிக்கப் போறாங்கக்கா?" என்று கேட்டபடியே அழுக்குத் தூரிகையை என் மீடியத்தில் விடுவாள். அதனால்தான் எப்போதும் எனக்கொன்று அவளுக்கொன்று என்று இரண்டு கிண்ணத்தில் ஊற்றிவைக்கிறேன்.

வலது மூலையில் இருவரும் கையெழுத்துப் போட்டோம். சின்னதாக, பக்கத்தில் பக்கத்தில்.

மார்ச் 9, ஞாயிறு

கையெழுத்தையும் சேர்த்துப் படம் முழுக்க ஜெல் பூச்சு. இது காய்ந்த பிறகு வார்னிஷ். நடுவில் ஜெல் எதற்கு என்று குட்டி வழக்கம்போலக் கேட்டாள். வார்னிஷ் சட்டை மாதிரி, அழுக்கானால் ஒரு நாள் கழற்ற வேண்டிவரும், அப்போது அடியில் உள்ள நிறமும் சேர்ந்து வராமல் ஜெல் தடுக்கும் என்றேன். பாதியிலேயே போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

மார்ச் 15, சனி

வார்னிஷ் அடித்தாயிற்று. நாளை நாத்தனார் பிரசவத்துக்குப் போகிறேன். மூன்று வாரம். படத்தை ஏற்றி அனுப்புவது குட்டி பொறுப்பு.

ஏப்ரல் 8, செவ்வாய்

திரும்பிவிட்டேன். படம் இருந்த சுவர் மொட்டையாக இருக்கிறது. "விழா கிழா ஒண்ணும் இல்லக்கா. சும்மா கொண்டுபோய் மாட்டிட்டாங்க" என்றாள்.

ஜூன் 12, வியாழன்

கண்ணாடி மாற்ற வேண்டும் என்று அந்த ஆஸ்பத்திரிக்கே போனேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கூடத்தில் உட்காரச் சொன்னார்கள். எதிரே எங்கள் ஏரி. எல்லாமே மங்கல்தான். ஆனாலும் மூலையில் ஒரே ஒரு பெயர் பெரிதாகத் தெரிந்தது. மருந்தின் வேலை என்று நினைத்துக்கொண்டேன். சிரிப்புகூட வந்தது.

நாலு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பார்வை தெளிந்தது. என் பெயர் இல்லை.

கிட்டே போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தேன். படம் முழுக்கப் பளபளக்கிறது, அந்தக் கையளவு இடம் மட்டும் செத்துக் கிடக்கிறது. அங்கே குட்டி வார்னிஷுக்கு மேலே பூசி, இரண்டு கையெழுத்தையும் மறைத்து, தன் பெயரை மட்டும் பெரிதாக எழுதியிருக்கிறாள். சுற்றியுள்ள தண்ணீரைவிட ஒரு படி கறுப்பு வேறு. அக்ரிலிக் காய்ந்தால் கறுக்கும். ஈரத்தில் நிறம் பார்த்துப் பூசினால் இப்படித்தான் ஆகும். அதுவும் நான் மூடிவைத்திருந்த மிச்ச நிறத்தை எடுத்து.

பக்கத்தில் சட்டம் போட்ட புகைப்படம். ஆஸ்பத்திரியை நடத்தும் டாக்டரம்மா, பூங்கொத்து, குட்டி. கீழே "ஓவியர்" என்று ஒருமையில். விழா இல்லையாம்.

ஜூன் 13, வெள்ளி

அவள் வீட்டுக்கே போய்க் கேட்டேன்.

"ரெண்டு பேரு இருந்தா குழப்பமா இருக்குன்னாங்கக்கா."

"யாரு சொன்னா?"

எழுந்து தொட்டிப் பக்கம் போனாள். பிறகு, காபி டம்ளரைக் கழுவிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் சொன்னாள்: "நீ எப்பவும் பின்னாடிதானேக்கா நிப்ப. பேரு வேணும்னு நீ ஒரு நாள்கூட கேட்டதில்லையே."

வேணும்டி. எனக்கும் வேணும். கேட்டாத்தான் குடுப்பியா? குடுக்கக்கூட வேணாம், இருந்ததை அழிக்காம இருந்திருக்கலாம்ல?

அங்கே இதைச் சொல்ல வாயே வரவில்லை. இங்கே எழுதி என்ன ஆகப் போகிறது.

ஜூன் 14

தூரிகையைத் தொடவில்லை.

ஜூலை 2, புதன்

அம்மாவிடமிருந்து போன். ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடத்துக்கு ஒன்பது படமாம், குட்டிக்கு மட்டும். "உன் தங்கச்சிதானே, விட்டுக்குடு" என்கிறாள். சிறு வயதிலிருந்து ஜன்னலோர இருக்கை முதல் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துத்தானே வந்திருக்கிறேன். அதே பழக்கத்தில்தான் இதையும் எடுத்துக்கொண்டாள் போல. அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்திருக்கிறது.

நவம்பர் 6, வியாழன்

ஐந்து மாதம் கழித்துக் குட்டியின் குரல். நலம்கூட விசாரிக்கவில்லை.

"அக்கா, ரோடு வேலை நடக்குது, படம் முழுக்க தூசி அப்பிக்கிச்சு. ஈரத்துணிக்குப் போகல. புது வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இதைச் சுத்தம் பண்ணிக் குடுங்கறாங்க. எதை வச்சுக்கா தொடைக்கணும்?"

தின்னர் என்று சொல்லியிருந்தால் போதும். ஜெல், ஏரி, நாரை எல்லாம் கூழாகியிருக்கும், அவள் மானமும் அதோடு போயிருக்கும். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அந்தத் தண்ணீர் என்னுடையது. பதினான்கு பூச்சு.

டர்பன்டைன் என்றேன். பஞ்சில் நனைத்து, தேய்க்காமல் உருட்டி எடு, பஞ்சை அடிக்கடி மாற்று, ஜன்னலைத் திறந்துவை.

"படத்துக்கு ஒண்ணும் ஆகாதே?"

"படத்துக்கு ஒண்ணும் ஆகாது."

டர்பன்டைனில் வார்னிஷ் மட்டும் கரையும், ஆனால் அது போனால் அதற்கு மேலே இருப்பதும் கூடவே போகும். அதை நான் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது பொய்யா? இருந்துவிட்டுப் போகட்டும். மார்ச்சிலேயே சொன்னேன், அவள்தான் போனை எடுத்துக்கொண்டு போனாள்.

நவம்பர் 9, ஞாயிறு

இன்று ஆஸ்பத்திரி விடுமுறை. துடைத்துக்கொண்டிருப்பாள். எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

நவம்பர் 10, திங்கள்

"உனக்குத் தெரியும்தானே?" போனை எடுத்ததுமே குட்டி கேட்டது இதுதான்.

"தெரியும்."

அழுதாள். டாக்டரம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம். பஞ்சில் முதலில் பழுப்பு, பிறகு பச்சை, பிறகு அவளுடைய பெரிய கையெழுத்து. அடியில் பழைய இரண்டும் போட்டது போட்டபடி, சின்னதாக.

"யாரு இதுன்னு கேட்டாங்க. எங்கக்கான்னு சொன்னேன்."

"அதுக்கு மேல?"

"அதுக்கு மேல அவங்க கேக்கலக்கா."

சமாதானமாக ஒரு வார்த்தை சொல்வேன் என்று காத்திருந்தாள். எனக்கு வரவில்லை. 

நவம்பர் 13, வியாழன்

டாக்டரம்மா கூப்பிட்டார். "தண்ணி நீங்க பண்ணதாமே, அப்புறமா உங்க தங்கச்சிகிட்ட கேட்டேன். நான் தினமும் பாக்கறது அதைத்தான். அந்த ஒன்பது படத்தையும் ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணுவீங்களா?"

"நான் தனியா பண்றதா இருந்தா வரேன்மா."

 "திங்கக்கிழமை வாங்க" என்றார்.

மதியம் ஒரு சின்னப் பலகையில் நிறம் பார்க்க உட்கார்ந்தேன். மீடியத்தை ஊற்றி முடித்த பிறகுதான் கவனித்தேன், இரண்டு கிண்ணம். ஒன்றைத் திரும்ப ஜாடியில் ஊற்றி, மூடியை இறுக்கி வைத்தேன்.