ரத்னா திருத்திய மீன் பெயர்

செங்கல்பட்டு,
5-10-1974

அன்புள்ள அம்மாவுக்கு, வடிவு வணக்கத்துடன் எழுதுவது. நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

போன வாரம் என் கல்லூரி மாணவிகளைச் சதுரங்கப்பட்டினம் கடற்கரைக்கு அழைத்துப்போனேன். அங்கே ஒரு மீனின் பெயரைத் தவறாகச் சொல்லிவிட்டேன். மீன் விற்கும் ரத்னா, "இன்னா டீச்சரம்மா, இது காரல் மீனும்மா!" என்று சிரித்தார். தவறை எல்லார் எதிரிலும் ஒப்புக்கொண்டு, கூடையிலிருந்த மற்ற மீன்களின் பெயர்களையும் அவரிடமே கேட்டு எழுதிக்கொண்டேன்.

அந்தக் குறிப்புகளைப் படித்த எங்கள் விலங்கியல் துறைத்தலைவர் கல்யாணி அம்மாள், "இதையே ஆராய்ச்சியா எடுத்துக்கோ. பிஎச்.டி.க்கு நான் கைடா இருக்கேன்" என்று சொல்லி, விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். மூன்று வருடம் ஆகும், அம்மா. முடித்துவிடுவேன்.

மீன் சேகரிக்க வேண்டியிருப்பதால் தீபாவளிக்கு வர முடியாது. பருப்புப்பொடி கொஞ்சம் அனுப்புங்கள். பதிலை அப்பாவை எழுதச் சொல்லாமல், உங்கள் கையாலேயே எழுதுங்கள்; பிழை வந்தாலும் பரவாயில்லை. தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார்.

உங்கள் மகள்,
வடிவு