ஜெயித்தவனுக்கு என்ன அழுகை

அன்புள்ள அம்மாவுக்கு,

வணங்கி எழுதுகிறேன். முழங்கால் வலி தேவலையா? தைலத்தை மிச்சம் பிடிக்காமல் தேய்த்துக்கொள். நான் நன்றாக இருக்கிறேன்.

அப்பாவும் நானும் கொண்டாடுகிற அணி ஒருவழியாகக் கோப்பை வாங்கிவிட்டது. தோற்றுக்கொண்டிருந்த காலமெல்லாம் இந்தச் சலவைக்கூடத்தில் எனக்குப் பெயரே ‘பாவம்’தான். “நேத்தும் ஊத்திக்கிச்சா? வாடா பாவம், இந்த முனையைப் புடி” என்று இஸ்திரிக்காரர் வந்து என்னோடு போர்வை மடிப்பார். அப்பா போன செய்தி வந்த அன்றும் அவர்தான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

ஜெயிக்க ஆரம்பித்ததும், அந்த அணியின் ரசிகர்கள் என்றாலே தலைக்கனம் பிடித்த கூட்டம் என்று ஆகிவிட்டது. நான் வாயே திறக்கவில்லை அம்மா. எங்கோ யாரோ அலட்டியதெல்லாம் என் தலையில் விடிந்தது. கோப்பை வாங்கிய மறுநாள், அப்பா பார்க்கவில்லையே என்று வேலையிடத்திலேயே அழுதுவிட்டேன். “ஜெயிச்சவனுக்கு என்னடா அழுகை? சீன் போடாத” என்று இஸ்திரிக்காரர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். போர்வையின் ஒரு முனையைத் தாடையில் இடுக்கிக்கொண்டு தனியாக மடிக்கப் பழகிவிட்டேன். பெரிய விஷயமில்லை.

அப்பா ஆட்டம் பார்க்கும்போது போடுகிற சட்டையை யாருக்கும் கொடுத்துவிடாதே. இந்தப் பக்கம் வருகிறவர்களிடம் கொடுத்தனுப்பு. துவைக்க வேண்டாம், நான்தான் சலவைக்காரனாயிற்றே.

மணி அடித்துவிட்டது, போக வேண்டும். கோப்பை வாங்கியதை அப்பா படத்திடம் சொல். சாமியிடம் மட்டும், அடுத்த ஆட்டத்தில் தோற்கட்டும் என்று வேண்டிக்கொள். மெதுவாக, அப்பா காதில் விழாமல்.

உன் பிள்ளை